இரட்டை டர்போ: ‘ஒப்பிடுக’ வினாவுக்கு ஒரு விளக்கம்

மாணவர்களே, ‘ஒப்பிடுக’ என்று வினா வந்தால் பலர் முதற் பொருளைப் பற்றி அரைப் பக்கமும் இரண்டாம் பொருளைப் பற்றி அரைப் பக்கமும் எழுதி, நடுவில் ‘ஆனால்’ என்ற சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அது இரண்டு விபரிப்புகள், ஒப்பீடு அன்று. ஒப்பீட்டுக்கு இரண்டையும் அளக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். இதைப் பழகுவதற்கு, உங்களிற் பலர் வகுப்பு இடைவேளையில் ஆர்வமாகப் பேசும் ஒரு விடயத்தையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இரண்டு டர்போக்கள் எவ்வெவ்வாறு பொருத்தப்பட்டன? அப்படிப்பட்ட காரை மாற்றியமைக்க விரும்புபவர் எந்த ஒழுங்கைத் தெரிவுசெய்வது நல்லது?

முதலில் டர்போ என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். எஞ்சினின் உருளைக்குள் வளியும் எரிபொருளும் கலந்து எரிகின்றன. அதிக எரிபொருளை எரிக்க அதிக வளி தேவை. சாதாரண எஞ்சின் தானாக உறிஞ்சும் வளியோடு நின்றுவிடும். டர்போ உள்ள எஞ்சினிலோ, வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய சுழலிச் சில்லைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள அமுக்கிச் சில்லு வெளிவளியை நெருக்கி உருளைகளுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையிலிருந்து வேலை வாங்குவதே இதன் சிறப்பு. நெருக்கிய வளி சூடேறும் என்பதால் அதை இடையில் ஒரு குளிர்த்தியினூடாக அனுப்புவார்கள். வளிமண்டல அமுக்கத்துக்கு மேலதிகமாகக் கிடைக்கும் அமுக்கத்தை இக்கட்டுரையில் மிகையமுக்கம் என்போம்.

டர்போவின் குறை தாமதம். சில்லு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழல வேண்டியது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்த வேகத்துக்குப் போதிய புகை இல்லை. சில்லைச் சிறிதாக்கினால் விரைவில் வேகம் பிடிக்கும். ஆனால் எஞ்சின் வேகம் கூடும்போது அதே சிறிய சில்லு புகைக்கு வழிவிடாமல் எஞ்சினை மூச்சுத் திணறச் செய்யும். பெரிதாக்கினால் இதற்கு நேர்மாறு. இந்தச் சிக்கலுக்குத் தேடிய விடைகளில் ஒன்றுதான் இரட்டை டர்போ.

இரண்டு டர்போக்களைப் பொருத்தும் முறைகள் மூன்று. அவற்றுள் தொடர் முறையை விரைவாகப் பார்த்துவிடலாம். ஒரு டர்போ நெருக்கிய வளியை மற்றது மீண்டும் நெருக்கும். முதலாவது வளியை 2 மடங்காகவும் அடுத்தது 1.8 மடங்காகவும் நெருக்கினால் மொத்தம் 3.6 மடங்கு. இது பெரும்பாலும் டீசல் எஞ்சின்களுக்குரியது. நாம் பார்க்கவிருக்கும் கார்களில் இது இல்லை.

இரண்டாவது சமாந்தர முறை. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரில் 1989 முதல் 2002 வரை பொருத்தப்பட்ட ஆர்பி26 எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். ஒரே நேர்வரிசையில் ஆறு உருளைகள். முன் மூன்றின் புகை ஒரு டர்போவுக்கும் பின் மூன்றின் புகை மற்றதற்கும் போகிறது. எரியும் ஒழுங்கு 1, 5, 3, 6, 2, 4 என்பதைக் கவனியுங்கள். முன் தொகுதி, பின் தொகுதி என்று மாறி மாறி வருகிறது அல்லவா? ஆகவே ஒவ்வொரு டர்போவுக்கும் புகைத் துடிப்புகள் சம இடைவெளியில், ஒன்றோடொன்று மோதாமல் வந்து சேரும்.

இங்கே ஒரு பொதுவான பிழை உண்டு. ‘ஒவ்வொரு டர்போவும் 0.8 பார் தருகிறது, எனவே இரண்டும் சேர்ந்து 1.6 பார்’ என்று எழுதுவது தவறு. ஒரே மாதிரியான இரு மின்கலங்களைச் சமாந்தரமாக இணைத்தால் அழுத்தம் கூடுமா? கூடாது, மின்னோட்டத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். இங்கும் அப்படியே. அமுக்கம் 0.8 பார்தான், வளியின் பாய்ச்சலைத்தான் இரண்டும் பங்கிடுகின்றன.

மூன்றாவது, அடுத்தடுத்து இயங்கும் முறை. பெயர் தொடர் முறை போல ஒலித்தாலும் இது வேறு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆறு உருளைகளின் புகையும் முதலாவது டர்போவுக்கே போகும். வேகம் கூடியதும் வால்வுகள் திறந்து இரண்டாவதையும் சேர்த்துக்கொள்ளும். உற்பத்திக் கார்களில் இது 1986 இல் போர்ஷ் 959 இல் வந்தது. பின்னர் மஸ்டா ஆர்எக்ஸ்-7 இன் மூன்றாந் தலைமுறையிலும், 1993 இல் வெளிவந்த டொயோட்டா சுப்ராவிலும் வந்தது. சுப்ராவின் 2997 கன சென்ரிமீற்றர் 2ஜேஇசெட் எஞ்சினில் இரண்டாவது டர்போ நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 சுற்றில் முழுமையாகச் சேர்ந்துகொள்ளும்.

இனி ஒப்பிடுவோம். எதைக் கொண்டு? குதிரைவலுவைக் கொண்டு என்று உடனே சொல்லாதீர்கள். ஜப்பானிய உற்பத்தியாளர்கள் 280 குதிரைவலுவுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தமக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தார்கள். அது 2004 வரை நீடித்தது. ஜப்பானில் விற்ற ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கும் 280, சுப்ராவுக்கும் 280. அதே சுப்ரா அமெரிக்காவில் 320 என்று விற்கப்பட்டது! எல்லோரும் ஒரே புள்ளி எடுத்த வினாத்தாளைக் கொண்டு தரம் பிரிக்க முடியுமா?

சரியான அளவுகோல் இரண்டு: எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றுகிறது, அந்த வேகத்தில் கிடைக்கும் புகையைக் கொண்டு எவ்வளவு சில்லைச் சுற்ற வேண்டியிருக்கிறது. கணக்குக்குப் பயப்படும் கலைப் பிரிவு மாணவரும் இதைச் செய்யலாம். பெரிய டர்போ ஒன்றின் சில்லின் ஆரை 1 என்க. அதே பாய்ச்சலை இரண்டு சிறிய சில்லுகள் பங்கிட்டால், ஒவ்வொன்றுக்கும் பாதிப் பரப்பு போதும். ஆரை ஏறத்தாழ 0.7 ஆகும். ஒரே வடிவமும் ஒரே உலோகமும் என்றால் திணிவு ஆரையின் மும்மடிக்கு விகிதசமம். எனவே 0.7 × 0.7 × 0.7, அதாவது ஏறத்தாழ 0.35. விளிம்பு வேகம் சமமாக இருக்க, சில்லில் சேர்க்க வேண்டிய இயக்கசக்தியும் அதே விகிதம்தான். ஆகவே பெரிய டர்போ ஒன்றுக்கு 1 பங்கு சக்தி தேவை என்றால், சமாந்தரமான இரண்டுக்கு 0.7, அடுத்தடுத்த முறையில் முதலாவதற்கு மட்டும் 0.35. குறைந்த வேகத்தில் முழுப் புகையும் அந்த 0.35 இன் மேலேயே விழுகிறது. வேகத் தடையிலிருந்து புறப்படும்போதும் நகர வீதியிலும் அடுத்தடுத்த முறை ஏன் முந்துகிறது என்பது இப்போது விளங்கும்.

வேகம் கூடினால்? 4000 சுற்றுக்கு மேல் சுப்ராவின் இரு டர்போக்களும் சேர்ந்தே இயங்குகின்றன. அதாவது அப்போது அதுவும் சமாந்தர முறைதான். இதை நன்றாக மனதில் வைத்திருங்கள். ஏனெனில் சுப்ரா உரிமையாளர் பலர் செய்யும் மாற்றம், வால்வுகளை ஒதுக்கி இரண்டு டர்போக்களையும் தொடக்கத்திலிருந்தே சமாந்தரமாக இயக்குவது. ‘இதனால் வலு கூடும்’ என்று சொல்லி வேலையை ஒப்புக்கொள்பவரிடம் காசைக் கொடுக்க முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: மேல் வேகத்தில் ஏற்கெனவே சமாந்தரமாக உள்ளது, இந்த மாற்றத்தால் எங்கிருந்து வலுவைப் பெறும்? அதே டர்போக்களை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் மேலே பெரிதாக எதுவும் கூடாது. கீழே நிச்சயமாகக் குறையும்.

அப்படியானால் அதை ஏன் செய்கிறார்கள்? காரணம் உண்டு. அடுத்தடுத்த முறையை இயக்குவது வால்வுகளும், மெல்லிய வெற்றிடக் குழாய்களும். எஞ்சினின் சூட்டில் ஆண்டுகள் செல்லச் செல்ல இறப்பர் வெடிக்கும். ஒரு குழாய் கசிந்தாலும் இரண்டாவது டர்போ வராது, அல்லது பிந்தி வரும். ஆர்எக்ஸ்-7 இல் இந்தக் குழாய்களின் சிக்கலை அவிழ்ப்பது மெக்கானிக்குகளுக்கே தலையிடி. அந்தக் காரில் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், 4500 சுற்றளவில் இரண்டாவது டர்போ சேரும்போது மிகையமுக்கம் 0.7 பாரிலிருந்து 0.55 பார் வரை இறங்கி மீண்டும் ஏறும். நேர்வீதியில் அது ஒரு சிறு உந்தல் மட்டுமே. நனைந்த வீதியில், வளைவின் நடுவே அது நேர்ந்தால், பின்சில்லுகளால் இயங்கும் காரின் பின்புறம் வழுக்கிவிடலாம். சமாந்தர முறையில் இழுவை பிந்தி வந்தாலும் ஒரே சீராக வரும். ஓட்டுநருக்கு அதை முன்கூட்டியே உணர முடியும்.

மிகையமுக்கத்தையே கூட்டலாம் என்பவர்களுக்கும் ஒரு சொல். ஜப்பானியச் சந்தைக்கான சுப்ராவின் சுழலிச் சில்லுகள் செரமிக்கால் ஆனவை. பாரம் குறைவு என்பதால் விரைவில் வேகம் பிடிக்கும்; ஆனால் அதிக அமுக்கத்துக்கு ஓட்டினால் உடைந்துவிடும். வெளிநாடுகளுக்குப் போனவற்றில் உலோகச் சில்லு. பெரும் வலு வேண்டுமென்போர் இரண்டையும் கழற்றிவிட்டுப் பெரிய டர்போ ஒன்றைப் பூட்டினார்கள். 2ஜேஇசெட் எஞ்சினின் வார்ப்பிரும்பு உருளைக்கட்டை அதைத் தாங்கியது. அவர்கள் ஓடியது நேர்ப்பாதைப் பந்தயம். தொடக்கத் தாமதத்தை அங்கு சமாளிக்கலாம்.

என்னைக் கேட்டால், தினமும் வீதியில் ஓடும் காருக்கு அடுத்தடுத்த முறையை அப்படியே வைத்து, குழாய்களைப் புதிதாக மாற்றுவதே மேல். பந்தயத் திடலில் எப்போதும் உயர்ந்த சுற்றிலேயே வைத்திருக்கும் காருக்குச் சமாந்தரம் போதும். 2019 இல் வந்த புதிய சுப்ராவில் ஒரே ஒரு டர்போதான். அதனுள் புகை வரும் பாதை மட்டும் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முன் மூன்று, பின் மூன்று என்று மேலே படித்த துடிப்புகளை நினைவுபடுத்தினால் ஏன் இரண்டு பாதை என்பது உங்களுக்கே தெரியும்.

பயிற்சி: ஒருவர் தமது சுப்ராவின் அடுத்தடுத்த முறையைச் சமாந்தரமாக மாற்றினார். டர்போக்கள் மாற்றப்படவில்லை. காரின் இழுவையில் ஏற்படும் வேறுபாட்டை (அ) நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் (ஆ) 5500 சுற்றிலும் காரணத்துடன் ஒப்பிடுக. விடை பத்து வரிக்கு மேற்படலாகாது.