கோழியா, கோடியா, கோளியா?

ஜோலார்பேட்டையில் பெங்களூரு போகும் பாசஞ்சரில் ஏறினால் பங்காருப்பேட்டை சேர்வதற்குள் மூன்று மாநிலங்களைப் பார்த்துவிடலாம். பச்சூர் வரை தமிழ்நாடு. மல்லானூர், குப்பம், குடுபள்ளி வந்தால் ஆந்திரம். காமசமுத்திரத்தில் கர்நாடகம். எல்லை தாண்டும்போது ஸ்டேஷன் பலகையில் எழுத்து மாறுகிறது. பெட்டிக்குள் பேச்சு அப்படி ஒரு கோட்டில் மாறுவதில்லை. தமிழில் தொடங்கிய பேச்சு தெலுங்கில் தொடர்ந்து, கன்னடக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் அவருக்கேற்ப வளைந்து கொடுக்கும்.

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது குப்பம் வட்டாரம். குப்பம், ராமகுப்பம், சாந்திபுரம், குடுபள்ளி என்று நான்கு மண்டலங்கள். அரசு மொழி தெலுங்கு. தமிழும் கன்னடமும் கூப்பிடு தூரம். இங்கே ஒருவர் மூன்று மொழி பேசினால் அதை யாரும் திறமை என்று மெச்சுவதில்லை. சந்தைக்குப் போய்வர அது வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சந்தையில் ஒரு கோழி விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழில் கோழி, தெலுங்கில் கோடி, கன்னடத்தில் கோளி. இது தற்செயல் இல்லை. ஏழு என்னும் எண்ணைச் சொல்லிப் பாருங்கள்: தமிழில் ஏழு, தெலுங்கில் ஏடு, கன்னடத்தில் ஏளு. பழைய ழகரம் தமிழில் நின்றது, தெலுங்கில் டகரமானது, கன்னடத்தில் ளகரமானது. பேச்சில் ழகரத்தை ளகரமாகவே சொல்லும் தமிழர் வாயில் நம் கோழியும் கன்னடக் கோளியும் ஒன்றாகிவிடும்.

இன்னொரு விதி. பால் தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. புலி தெலுங்கிலும் புலிதான், கன்னடத்தில் ஹுலி. பத்து கன்னடத்தில் ஹத்து. சொல்லின் முதலில் வந்த பகரம் கன்னடத்தில் 10-ஆம் நூற்றாண்டுவாக்கில் ஹகரமாக மாறத் தொடங்கியது. தெலுங்கு செய்த வேலை வேறு. நாம் பேச்சில் ஒரல் என்பதைக் கன்னடர் ஒரளு என்பார்கள். தெலுங்கர் ரோலு என்பார்கள். உயிரெழுத்து இடம் பெயர்ந்து ரகரத்துக்குப் பின்னால் போய் நீண்டுகொண்டது. தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்கக் கூடாது என்ற நம் இலக்கண விதியைத் தெலுங்கு இப்படித்தான் தாண்டியது.

ஒலிகள் கண்டபடி மாறுவதில்லை, சொல் சொல்லாக ஒரே தடத்தில் மாறுகின்றன. மொழிகளின் உறவைக் காட்டும் சான்று இதுதான். சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் 1816-இல் தெலுங்கு இலக்கண நூல் ஒன்றுக்கு எழுதிய குறிப்பில், தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததன்று, தமிழ், கன்னடத்தோடு ஒரே குடும்பம் என்று வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டினார். கால்டுவெல்லின் புகழ்பெற்ற ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 1856-இல். திராவிடக் குடும்பத்தின் வயது சுமார் 4,500 ஆண்டுகள் என்று 2018-இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. பிரிந்துபோன பங்காளிகள் மறுபடி பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியேறிய இடம் என்று குப்பத்தைச் சொல்லலாம்.

பங்காளிகள் என்பதால் எல்லாமே ஒத்துப்போகும் என்று நினைத்துவிடக் கூடாது. "நாம் போகலாம்" என்றால் கேட்பவரும் கூட வரலாம். "நாங்கள் போகிறோம்" என்றால் அவர் வர வேண்டியதில்லை. தெலுங்கிலும் இதே பிரிவினை உண்டு: மனம், மேமு. கன்னடம் இதைத் தொலைத்துவிட்டது. இரண்டுக்கும் நாவு ஒன்றேதான். ஆகவே தெலுங்கு பழகும் தமிழர் இங்கே தடுமாறுவதில்லை. தமிழ் பழகும் கன்னடர்தான், எதிரில் இருப்பவரைச் சேர்க்கிறோமா விடுகிறோமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். குடும்ப வரைபடத்தில் தமிழுக்கு நெருங்கியது கன்னடம், தெலுங்கு சற்றுத் தள்ளிய கிளை. இருந்தும் இந்த ஓரிடத்தில் தள்ளியிருப்பதுதான் தமிழோடு ஒத்துப்போகிறது.

பல மொழிகள் ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கினால் என்ன ஆகும்? இதற்கான பதில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் குப்வாட் என்ற கிராமத்தில் கிடைத்தது. ஜான் கம்பர்சும் ராபர்ட் வில்சனும் 1971-இல் வெளியிட்ட ஆய்வு அது. கன்னடம், மராத்தி, உருது மூன்றும் அங்கே வீட்டுமொழிகள். கீரை அறுத்துவந்த ஒருவர் உருதுவில் "பாலா ஜரா காட் கே லே கே ஆயா" என்கிறார். சொல்லுக்குச் சொல் வைத்தால் கீரை, கொஞ்சம், அறுத்து, எடுத்து, வந்தேன். அதே வரிசையில் மராத்தியும் கன்னடமும் அப்படியே வந்து உட்கார்ந்தன. வீட்டுக்கு வீடு சொற்கள் தனித்தனியாக நின்றன. இலக்கணமோ யாரும் கவனிக்காமலே ஒன்றாகியிருந்தது. காரணம் எளிது. சொல் காதில் விழுந்ததுமே நீ இன்னார் என்று காட்டிக்கொடுக்கும், அதனால் மக்கள் அதை விடுவதில்லை. வாக்கிய அமைப்பு வெளியே தெரியாது. மூன்று அமைப்புகளை மூளையில் சுமப்பதைவிட ஒன்றைச் சுமப்பது லேசு.

குப்பத்து மொழிகளுக்கு அந்தச் சிரமமும் குறைவு. "கொஞ்சம் கீரை கொய்து எடுத்துக்கொண்டு வந்தேன்" என்பதைத் தெலுங்கில் "கொஞ்செம் ஆகு கோசி தீசுகொனி வச்சானு" என்றும் கன்னடத்தில் "ஸ்வல்ப சொப்பு கொய்து தெகெதுகொண்டு பந்தெ" என்றும் சொல்வார்கள். வரிசை பிசகவில்லை. கொய் என்ற வினைகூட மூன்றிலும் ஒன்றே.

வரைபடம் போடுகிறவர்களுக்கு இத்தகைய ஊர்கள் தலைவலி. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு போனது. பிறகு எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த நடுவர் படாஸ்கர் வகுத்த வழியில், கிராமத்தை அலகாக வைத்து, அங்கே எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்த்து எல்லையைத் திருத்தினார்கள். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பெரும்பான்மையை எண்ணிவிடலாம், ஒரே ஆள் இரண்டு மொழிக்காரராக இருந்தால் எண்ண இடமில்லை. ஆந்திர அரசு 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகத்தைக் குப்பத்தில் நிறுவியது அந்த வகையில் பொருத்தம். மொழியியலாளர் வ. அய். சுப்பிரமணியத்தின் கனவு அது. மற்ற மூன்று தென்மாநிலங்களும் கைகொடுத்தன.

ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்திலும் இப்படி ஒரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. ஜெர்மானியருக்கு அது கோட்புஸ். அந்த மண்ணின் ஸ்லாவ் மக்களான சோர்பியருக்கு ஹோஷெபுஸ். தெருப்பலகைகள் இரு மொழியில் நிற்கின்றன. சோர்பிய மேல்நிலைப் பள்ளி, வார இதழ், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. ஆனால் சுற்றியுள்ள ஊர்களில் கீழ்ச் சோர்பியம் தாய்மொழியாக இருப்பது பெரும்பாலும் முதியவர்களுக்கே. நாஜிகள் காலத்துத் தடை, பிறகு நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட கிராமங்கள், இவற்றோடு பெற்றோர் பிள்ளைகளிடம் ஜெர்மனிலேயே பேசத் தொடங்கியதும் சேர்ந்துகொண்டது. 1998-இல் அங்கே ஒரு மழலையர் பள்ளியில் புதிய முயற்சி தொடங்கியது: வீட்டில் எந்த மொழியானாலும் சரி, ஆசிரியை நாள் முழுக்கச் சோர்பியத்திலேயே பேசுவார். பாட்டிகளிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்குப் போகாத மொழியைப் பள்ளி கொண்டுசேர்க்கப் பார்க்கிறது.

இரண்டு மொழி பேசுவதால் ஒரு மொழி அழிவதில்லை என்பதற்குக் குப்பம் சாட்சி. குழந்தையிடம் பேசுவதை நிறுத்தினால் அழியும் என்பதற்குக் கோட்புஸ் சாட்சி. தமிழுக்கு எல்லை தாண்டினால் ஒரு முழு மாநிலம் இருக்கிறது. அதனால் தமிழ் அழியாது. ஆனால் ராமகுப்பத்துத் தமிழ் வேறு சங்கதி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பள்ளியில் அதை எழுதப் படிக்கக் கற்காவிட்டால், அது வாசல்வரை மட்டும் செல்லுபடியாகும் மொழியாகச் சுருங்கும். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வழிசெய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956-இலிருந்தே சொல்கிறது. ஆந்திரத்தில் தமிழ்க் குழந்தைக்கும், கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்குக் குழந்தைக்கும் பொருந்துகிற விதி இது. பேச்சு தானாக நடந்துவிடும். எழுத்துக்கு மட்டும் யாராவது வாத்தியார் போட்டாக வேண்டும்.