தீம்பாரும் சர்வகலாசாலையும்

மலேசியாவில் கல்வியும் உத்தியோகமும் எங்கே செழித்திருக்கின்றன, எங்கே குன்றியிருக்கின்றன என்று ஆராயப் புகுவோர், சிலாங்கூரையும் கோலாலம்பூரையும் ஒரு பக்கத்திலும் கிளந்தானையும் சபாவையும் மறுபக்கத்திலும் நிறுத்திப் பார்ப்பதே வழக்கம். அந்த வித்தியாசம் மெய்யே; ஆயினும் செல்வ மாநிலமாகிய சிலாங்கூருக்குள்ளேயே, காஜாங்கைச் சூழ்ந்த சில மைல் வட்டாரத்தில், தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்ட பேதமொன்றை மாநிலச் சராசரிக் கணக்கு மறைத்துவிடுகிறது.

ரப்பரை வியாபாரப் பயிராக மலாயாவில் முதலில் நட்டவர்களுள் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் அடங்குவர். அவர்களுடைய இன்ச் கென்னத் தோட்டம் காஜாங்கில்தான் இருந்தது. தீம்பார் எனப்பட்ட அத்தகைய தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்காக, பள்ளிப் பருவத்தினர் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல சட்டமே! ஆனால் அந்தக் கல்வி ஆரம்ப நிலையோடு நின்றது. அதற்கு மேல் கற்க விரும்பிய பிள்ளை பட்டணத்துக்குப் போக வேண்டும், பஸ் கட்டணம் தேட வேண்டும், பிற்காலத்தில் மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் சேர்வதற்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்கவும் வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுக்க இயலாத சிறுவருக்காக வாசலிலேயே காத்திருந்தது பால்மரம்.

லயத்து வீடு, ஆயா கொட்டகை, பள்ளி, கோயில் யாவும் வேலையோடு பிணைந்திருந்தமையால், தோட்டம் விற்கப்பட்டபோது தொழிலாளி கூலியை மட்டுமன்றித் தன் வாழ்வின் சகல ஆதாரங்களையும் ஒருங்கே இழந்தான். இதுவே இவ்விஷயத்தில் மிகக் கொடியது என்று கருதுகிறேன். இதற்கிடையே வட்டாரமோ வளர்ந்தது: 1970-இல் தோன்றிய மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1977-இல் பாங்கிக்கு வந்தது; செமினியிலும் காஜாங்கிலும் வேறு சர்வகலாசாலைகள் எழுந்தன; பெராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று; 2017-இல் எம்.ஆர்.டி. ரயிலும் காஜாங்கை எட்டியது. தூரம் ஒழிந்தது. பால்வெட்டுக் கத்தியன்றி வேறு கருவி அறியாத கைகளுக்கும், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-ஐ எட்டாத பிள்ளைகளுக்கும், புதிய உத்தியோகங்களின் கதவு மட்டும் எளிதில் திறக்கவில்லை.

ஆகவே புள்ளிவிவரங்களை மாநில அளவோடு நிறுத்தாமல் முக்கிம் என்னும் மாவட்ட உட்பிரிவு வரை பிரித்து வெளியிடுதலும், தோட்ட நிலம் கைமாறும்போது நஷ்டஈட்டோடு தொழிற்பயிற்சியையும் நிபந்தனையாக்குதலும், தோட்டம் அழிந்த இடத்தில் மாணவரின்றி மெலியும் தமிழ்ப்பள்ளிகளை அந்தக் குடும்பங்கள் இன்று வசிக்கும் அடுக்குமாடிகளுக்கு அருகே பெயர்த்து அமைத்தலும் அரசாங்கம் தாமதியாது செய்யத்தக்கவை.