பக்கோடாவுக்கு ஆபரேஷன்!

போன மார்கழியில் எங்கள் வீட்டில் ஒரு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. அவசரப்பட்டு எனக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கிளம்பி வந்துவிடாதீர்கள். ஆபரேஷன் எனக்கில்லை. பக்கோடாவுக்கு!

பக்கோடா ஒரு கினி பிக். முயலுக்கும் எலிக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாதிரி இருக்கும். காது சின்னது, வால் கிடையாது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்தால் அதில் உட்கார்ந்துகொள்ளும். பெயரில்தான் பிக். மற்றபடி பன்றிக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. கினி தேசத்துப் பிராணியும் இல்லை. பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பெரு நாட்டில் பல ஆயிரம் வருஷங்களாக இதை வீட்டில் வளர்க்கிறார்கள், சாப்பிடுவதற்கு. இந்தக் கடைசி விவரம் மூன்றாவது படிக்கும் என் பெண்ணுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அவளுடைய பிறந்த நாளுக்கு ஜோடியாக வாங்கினோம். ‘‘ரெண்டுமே பொண்ணு ஸார். சண்டை சச்சரவே வராது’’ என்று கடைக்காரர் சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். ஒன்றுக்கு பக்கோடா, இன்னொன்றுக்கு ஜாங்கிரி என்று பெயர் வைத்தோம். சண்டை வரவே இல்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால் கூண்டுக்குள் ஐந்து பேர்! கண்ணைத் திறந்துகொண்டு, உடம்பு பூரா முடியோடு, பிறந்த அன்றைக்கே ஓடுகிற மூன்று குட்டிகள். ‘பொண்ணு’ பக்கோடா அப்பாவாகியிருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ‘‘முதல்ல ஆணைப் பிரிச்சு வைங்க ஸார். இது குட்டி போட்ட சில மணி நேரத்துலயே மறுபடி உண்டாயிடும்’’ என்றார். கர்ப்ப காலம் சுமார் இரண்டு மாதம். பிறந்த ஆண் குட்டியோ மூன்று வாரத்திலேயே அப்பாவாகத் தயாராகிவிடுமாம். நான் பி.காம். கூட்டு வட்டிக் கணக்கு தெரிந்தவன். மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். அடுத்த தீபாவளிக்குள் நாங்கள்தான் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

பக்கோடா அன்றைக்கே ஓர் அட்டைப் பெட்டிக்குத் தனிக்குடித்தனம் போனது. போனதிலிருந்து அதற்கு முகமே இல்லை. ஜாங்கிரி இருக்கிற பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தது. கினி பிக் கூட்டமாக வாழ்கிற ஜாதி. ஒற்றையாக வைத்தால் ஏங்கிப் போகும். ஸ்விட்சர்லாந்தில் 2008-ல் வந்த விதிகளின்படி இதைத் தனியாக வளர்ப்பதே சட்ட விரோதம்! ஜோடியும் சேர வேண்டும், ஜனத்தொகையும் பெருகக் கூடாது என்றால் ஆபரேஷன்தான் வழி. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்கு அவ்வளவு கஷ்டமில்லை என்பதால் பக்கோடாவின் பெயர் தேர்வானது.

‘‘எலிக்குக் குடும்பக் கட்டுப்பாடா?’’ என்றார் என் மாமியார். சுவரில் சிவப்பு முக்கோணம் பார்த்து வளர்ந்த தலைமுறை. ‘‘எங்க காலத்துல மனுஷனுக்கே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது மாப்ளே!’’

பத்தியம் பார்க்க ஆள் வேண்டுமே? மனைவிக்கு பாங்க் வேலை. வருஷக் கடைசியில் லீவு கிடைக்காது. நானோ ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். எங்கள் வீட்டு அகராதியில் அந்த வார்த்தையின் முதல் பாதிக்கு மட்டும்தான் அர்த்தம் உண்டு. ‘‘நீங்க ஃப்ரீதானேங்க?’’ முடிந்தது.

ஆபரேஷன் புதன்கிழமை. காலையில் பெட்டியைப் பார்த்தால் புல், தண்ணீர் எதையும் காணோம். ‘‘ஆபரேஷன்னா வெறும் வயித்துலதானே மாப்ளே போகணும்? நான்தான் எடுத்து வெச்சேன்’’ என்றார் அத்தை. நல்லவேளை, எடுத்துப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. நாய், பூனையை முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடுகிற மாதிரி இதைப் போடக் கூடாது. கினி பிக்கால் வாந்தி எடுக்கவே முடியாது. ஆகையால் அந்தப் பயம் இல்லை. பயமெல்லாம் வயிறு காலியாக இருப்பதில்தான். அதன் குடல் ஒரு மாவு மில் மாதிரி. நாள் பூரா புல் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். மில் நின்றால் வாயு சேரும், பசி செத்துப்போகும், பசி செத்தால் மில் இன்னும் நிற்கும். இந்தச் சுழலில் மாட்டினால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். ஆபரேஷனைவிட ஆபத்து ஆபரேஷனுக்கு அடுத்த மூன்று நாள் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் பக்கோடா முழித்துக்கொண்டு வீடு திரும்பியது. பெட்டியில் மரத்தூள் போடாமல் (தையலில் ஒட்டிக்கொள்ளும்) வெள்ளைத் துண்டு விரித்தேன். ரத்தமோ சீழோ கசிந்தால் உடனே தெரியும். மயக்க மருந்தில் உடம்பு சில்லிட்டுப் போயிருக்கும் என்பதால், ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி ஒரு மூலையில் வைத்தேன். ஒரு மூலையில் மட்டும்தான். சூடு போதும் என்று தோன்றினால் அது நகர்ந்துகொள்ள வேண்டுமே!

அத்தை ஒரு கட்டு அருகம்புல்லோடு வந்தார். பிள்ளையாருக்கு வாங்கியது. ‘‘அவரோட வாகனத்துக்குச் சொந்தக்காரன்தானே. கோவிச்சுக்க மாட்டார்’’ என்று நீட்டினார். பக்கோடா இரண்டு புல் கடித்தது. வீடே கை தட்டியது.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். பத்து வருஷமாக உபயோகமில்லாமல் கிடந்த என் படிப்புக்கு ஒரு வேலை! வரவுப் பக்கம் என்ன சாப்பிட்டது, செலவுப் பக்கம் எத்தனை புழுக்கை, கடைசியில் குளோஸிங் பாலன்ஸாக எடை. மனைவி கேக் மாவு நிறுக்கிற தராசை அபகரித்துக்கொண்டேன். ஆபரேஷனுக்கு முன் 912 கிராம். வியாழன் காலை 890. கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். வலி மருந்து சொட்டு மருந்தாகக் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை பக்கோடா சாதுவாக, சத்தமே இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தது. ‘வலியில்லை போலிருக்கிறது. சின்ன ஜீவனுக்கு எதற்கு இத்தனை மருந்து?’ என்று எனக்கு நானே டாக்டராகி, அன்றைய டோஸை நிறுத்திவிட்டேன். நமக்குக் காய்ச்சல் விட்ட மறு நாளே மாத்திரையை நிறுத்துகிற ஜாதிதானே நாம்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘மாப்ளே, இது உட்கார்ந்திருக்கிற தினுசு சரியில்லை.’’

‘‘ரெஸ்ட் எடுக்குது அத்தை.’’

‘‘ரெஸ்ட் இல்லை. முதுகைப் பாருங்க, கூன் போட்டிருக்கு. முடியெல்லாம் சிலிர்த்து நிக்குது. கண்ணைப் பாதிதான் திறக்குது. உங்க மாமா இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். கேட்டா ‘ஒண்ணுமில்லே’ம்பார். ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லேன்னு சொல்லித்தான் மனுஷன்...’’

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நான் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். காலையிலிருந்து வரவு பூஜ்யம். செலவுப் பக்கம் நாலே நாலு புழுக்கை, அதுவும் மிளகு சைஸில். தராசில் தூக்கி வைத்தேன். 851. மூன்று நாளில் 61 கிராம்! அறுபது கிலோ ஆசாமி மூன்று நாளில் நாலு கிலோ இளைத்தால் எப்படி இருக்கும்?

ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. ‘‘கழுகும் நரியும் தின்கிற பிராணி ஸார் இது. நோவைக் காட்டினா முதல் பலி. அதனால வலியை மறைக்கிறது இதோட ரத்தத்துலயே இருக்கு. சும்மா இருக்குன்னா வலி இல்லேன்னு அர்த்தமில்லை. வலிச்சா சாப்பிடாது. சாப்பிடலேன்னா குடல் நிக்கும்’’ என்றார். வலிக்கு ஓர் ஊசி, தோலுக்கடியில் ஸலைன், குடல் வேலை செய்ய ஒரு மருந்து. அப்புறம் ஊசி இல்லாத ஸிரிஞ்சைக் கையில் கொடுத்து, ஊட்டுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்.

ராத்திரி பூரா முறை போட்டோம். கினி பிக் தீவனக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துக் கூழாக்கி, துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முன் பல்லுக்குப் பின்னால் வாயின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக. நேராகப் பீய்ச்சினால் மூச்சுக் குழாயில் போய்விடும். விழுங்கின பிறகு அடுத்தது. ஒரு மணி வரை நான். பிறகு அத்தை. மூன்று பிள்ளைகளுக்குச் சங்கில் பால் புகட்டின கை. என்னிடம் தலையைத் திருப்பிக்கொண்ட பக்கோடா அவரிடம் சமர்த்தாக விழுங்கியது.

விடியற்காலை நாலு மணிக்கு ஒரு கூக்குரல். ‘‘மாப்ளே! போட்டுடுச்சு!’’

அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினேன். வெள்ளைத் துண்டின் நடுவே கொழுகொழுவென்று ஒரு புழுக்கை! பக்கத்திலேயே இன்னொன்று! பி.காம். பாஸான அன்றைக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஏழு மணிக்குப் பக்கோடா தானாகவே ஒரு கொத்தமல்லிக் காம்பை இழுத்துக் கடித்தது.

ரூமில் தனியாக இருக்கும் பேச்சலர் நண்பர்களே, உங்களில் சிலர் இதை வளர்ப்பது எனக்குத் தெரியும். உங்களுக்காக என் நோட்டிலிருந்து கொஞ்சம்:

* ஆபரேஷனைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கிடைப்பது கஷ்டம். வாரத்தின் நடுவில் வைத்து, அடுத்த இரண்டு நாள் லீவு போடுங்கள். காரணம் எழுதும்போது ‘வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன்’ என்று எழுதினால் போதும். பொய்யில்லையே!

* தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். கண் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. அரை நாள் சாப்பிடாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

* வலி மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள். அலமாரியில் மிச்சமிருக்கும் உங்கள் மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். முக்கியமாக அமாக்ஸிஸிலின், ஆம்பிஸிலின் போன்ற பென்ஸிலின் வகையறாவை வாய் வழியாகக் கொடுத்தால், குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து கினி பிக்கின் உயிருக்கே உலை.

* காலையும் மாலையும் தையலைப் பாருங்கள். லேசான வீக்கம் சகஜம். வீக்கம் பெருத்தாலோ, சிவந்தாலோ, சீழ், நாற்றம், கட்டி தெரிந்தாலோ டாக்டரிடம் போங்கள். குளிப்பாட்டுதல் வேண்டாம். மஞ்சள் பத்தும் வேண்டாம் (அத்தை இழைத்தே வைத்திருந்தார்).

* மனுஷனைப் போலவே இதற்கும் உடம்பில் வைட்டமின் ஸி தயாரிக்கத் தெரியாது. 1907-ல் நார்வேயைச் சேர்ந்த ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் ஸ்கர்வி வியாதியை ஆராய்ந்தது இதை வைத்துத்தான். புண் ஆற அந்த வைட்டமின் வேண்டும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி கொடுங்கள்.

* ஆபரேஷன் முடிந்ததுமே ஜோடி சேர்க்காதீர்கள். பழைய ஸ்டாக் உள்ளே இருக்கும். ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார் டாக்டரம்மா. அதுவரை கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, பார்த்துக்கொள்ளலாம், முகர்ந்துகொள்ளலாம். அந்தக் காலத்து நிச்சயதார்த்த ஜோடி மாதிரி.

பத்தாம் நாள் எடை 906. ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வலையை எடுத்தோம். குட்டிகள் அதற்குள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயிருந்தன. பக்கோடாவும் ஜாங்கிரியும் மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஒரே புல் கட்டில் ஆளுக்கொரு பக்கமாக மேய ஆரம்பித்தன. என் பெண் கேஸரி கேட்டாள். கிடைத்தது.

அத்தை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் ஒரு விநாடி அப்படியே நின்று முழங்காலைத் தடவிக்கொண்டார். முன்பும் பார்த்திருக்கிறேன். கவனித்ததில்லை.

‘‘என்ன அத்தை, முட்டி வலியா?’’

‘‘ஒண்ணுமில்லே மாப்ளே.’’

மறு நாள் காலை முதல் வேலையாக எலும்பு டாக்டரிடம் டோக்கன் வாங்கினேன்.