படத்தை மூடினால் வாசிப்பார்களா?

சென்ற ஆண்டு இரண்டாம் பருவத்தில் ஒருநாள் மாலை, பள்ளி விட்ட பிறகு ஒரு தாய் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். என் இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பள்ளிப் பக்கம் அதிகம் வராதவர். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

“டீச்சர், புள்ள நல்லா படிக்குதுன்னு சொன்னீங்க. நேத்து பஸ் ஸ்டாண்டுல நின்னோம். எனக்குப் படிக்கத் தெரியாது. எந்த ஊரு பஸ்ஸுன்னு போர்டைப் பாத்துச் சொல்லுன்னேன். ‘அதுல படம் இல்லையேம்மா’ங்குது.”

பேருந்தின் பலகையில் இருந்த சொல் ‘பழனி’. மூன்றே எழுத்து. நடத்துநர் கூவிய பிறகுதான் இருவரும் ஏறியிருக்கிறார்கள். என் வகுப்பில் ‘பழம்’ என்ற அட்டையை நாள்தோறும் சத்தமாக வாசிப்பவள் அந்தப் பிள்ளை. அவளை ‘அரும்பு’ நிலையிலிருந்து ‘மொட்டு’ நிலைக்கு உயர்த்தியதும் நான்தான்.

மறுநாள் காலை அவளை அருகில் அழைத்து, அதே பட அட்டைகளைக் காட்டினேன். இந்த முறை படத்தின்மீது கையை வைத்து மூடிக்கொண்டேன். பத்து அட்டைகளில் இரண்டைத்தான் வாசித்தாள். மற்ற எட்டுக்கும் என் விரல் இடுக்கில் படம் தெரிகிறதா என்று பார்த்தாள். பிறகு வகுப்பில் இருந்த 22 பேரையும் அப்படியே சோதித்தேன். 9 பேர் அவளைப் போலத்தான் இருந்தார்கள்.

குழந்தைகள்மீது தவறில்லை. எந்தக் கண்ணும் எளிதானதை நோக்கித்தான் முதலில் போகும். ஒரே அட்டையில் வண்ணப் படமும் கறுப்பு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குழந்தை படத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்லிவிடும். நாமும் ‘வாசித்துவிட்டாள்’ என்று மகிழ்ந்துவிடுகிறோம். அந்த நாளுக்குப் பிறகு பட அட்டைகளை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. பயன்படுத்தும் விதத்தை மாற்றினேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே பகிர்கிறேன்.

எழுதும்போது கேள்வி, வாசிக்கும்போது விடை

படத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. எழுதக் கற்கும்போது படம் கேள்வியாக இருக்க வேண்டும். எழுத்தே இல்லாத ஒரு நண்டுப் படத்தைக் காட்டுகிறோம். குழந்தை பெயரைச் சொல்ல வேண்டும், ஒலியைப் பிரிக்க வேண்டும், எழுத்தைத் தேட வேண்டும். இங்கே படம் எதையும் காட்டிக்கொடுக்காது. குழந்தையைச் சிந்திக்க வைக்கும்.

வாசிக்கக் கற்கும்போது படம் விடையாக இருக்க வேண்டும். அட்டையின் முன்பக்கம் ‘நண்டு’ என்ற சொல் மட்டும் இருக்கும். குழந்தை எழுத்துக்கூட்டி வாசித்த பிறகு அட்டையைத் திருப்பினால் பின்பக்கத்தில் படம் இருக்கும். சரியா தவறா என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. படமே சொல்லிவிடும்.

இந்த ஒரு மாற்றத்துக்குப் பெரிய செலவு இல்லை. நான் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் வெற்றுப் பக்கங்களை வெட்டிக்கொண்டேன். படங்களைப் பிள்ளைகளே வரைந்தார்கள்.

எந்தச் சொல்லை முதலில் எடுப்பது?

மூன்றெழுத்துச் சொற்கள் எல்லாமே எளியவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படகு, பந்து, மரம், குதிரை ஆகிய நான்கும் மூன்றெழுத்துச் சொற்கள்தான். ஆனால் குழந்தைக்கு நான்கும் நான்கு விதமான வேலைகள்.

முதல் வகை: படகு, கரடி, குருவி, கதவு, அருவி. இவற்றில் புள்ளி எழுத்து இல்லை. பேசும்போது எப்படிச் சொல்கிறோமோ அப்படியே எழுதுகிறோம். ‘ப-ட-கு’ என்று மூன்று முறை கைதட்டினால் மூன்று எழுத்து. இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் வகை: பந்து, நண்டு, தொப்பி, வாத்து. நடுவில் புள்ளி எழுத்து வரும் சொற்கள். இங்கே கைதட்டல் நம்மைக் கைவிட்டுவிடும். ‘பந்-து’ என்று இரண்டு தட்டுதான் வருகிறது, ஆனால் எழுத்து மூன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாம் இலக்கணத்தில் படித்திருக்கிறோம். அந்த அரை மாத்திரையில்தான் குழந்தை தடுமாறுகிறது. ‘பந்து’ என்று சொன்னால் ‘பது’ என்று எழுதுகிறது. கவனக்குறைவு என்று நாம் கோபப்படுகிறோம். உண்மையில் அந்தக் குறுகிய ஒலி அதன் காதில் தனியாக விழவில்லை.

மூன்றாம் வகை: மரம், படம், பழம், நகம். புள்ளி எழுத்து கடைசியில் வரும். பேச்சில் இந்த ‘ம்’ மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. ‘மரொ’, ‘படொ’ என்பதுபோல்தான் நாம் எல்லோரும் பேசுகிறோம். ஒரு பையன் ‘மரோ’ என்று எழுதியிருந்தான். முன்பென்றால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது என்று இப்போது புரிகிறது.

நான்காம் வகை: குதிரை, தவளை, முதலை, பறவை. பேச்சில் இவை ‘குதுர’, ‘தவள’, ‘மொதல’, ‘பறவ’ ஆகிவிடும். வீட்டில் சொல்வது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறொன்று. இவற்றைக் கடைசியாக எடுப்பது நல்லது. இரண்டெழுத்துச் சொற்களான இலையும் (எல) குடையும் (கொட) கூட இப்படித்தான். எழுத்து குறைவு என்பதற்காக அவை எளிய சொற்கள் ஆகிவிடுவதில்லை.

ஒரு பாடவேளையில் செய்வது

ஒரு நாளைக்கு மூன்று சொற்கள், 20 நிமிடங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

1. பெயரை முடிவு செய்தல்: படத்தைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்க வேண்டும். நாம் நினைக்கும் பெயரே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அருவிப் படத்தைப் பார்த்து என் பிள்ளைகள் “பால்ஸ்” என்றார்கள். பறவைப் படத்தைப் பார்த்து “குருவி” என்றார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு குழந்தை மரத்தைப் பார்த்து “செட்டு” என்றது. எல்லாமே சரியான பதில்கள்தான். “ஆமாம், நம்ம பாடத்துல இதை அருவின்னு சொல்லுவோம்” என்று பெயரை உறுதிசெய்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். பெயர் உறுதியாகாமல் எழுதச் சொன்னால் குழந்தை வேறொரு சொல்லை எழுதிவிட்டுத் திட்டு வாங்கும்.

2. ஒலியைப் பிரித்தல்: தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று கட்டங்கள். கையில் மூன்று புளியங்கொட்டைகள். சொல்லை மெதுவாக இழுத்துச் சொல்லிக்கொண்டே ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கொட்டையைக் கட்டத்துக்குள் நகர்த்த வேண்டும். சோவியத் உளவியலாளர் எல்கோனின் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதற்காக உருவாக்கிய கட்டமுறையைத்தான் நம் எழுத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். ‘ப… ந்ந்ந்… து’ என்று நடு ஒலியை நீட்டினால், நடுக் கட்டம் காலியாக இருப்பது குழந்தைக்கே தெரிந்துவிடும். கைதட்டலில் காணாமல் போன எழுத்து இங்கே அகப்படுகிறது. ‘தொப்பி’, ‘வாத்து’ போன்ற சொற்களில் நடு ஒலியை நீட்ட முடியாது. அங்கே ‘தொப்’ என்று சற்று நிறுத்தி, பிறகு ‘பி’ சொல்ல வேண்டும். மூன்றாம் வகைச் சொற்களுக்கு உதடுதான் துணை. “மரம் சொல்லு. கடைசியில வாய் மூடுதா?” என்று கேட்டால் போதும். உதடு மூடினால் ‘ம்’ இருக்கிறது.

3. எழுத்தட்டை வைத்தல்: கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எழுத்தட்டையை வைக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதில் கவனம் வேண்டும். சில குழந்தைகள் ‘பா’வின் காலைத் தனி எழுத்தாக எண்ணி அடுத்த கட்டத்தில் வைப்பார்கள். ‘தொ’ என்றால் கொம்புக்கு ஒன்று, ‘த’வுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என மூன்று கட்டங்களையும் அதற்கே கொடுத்துவிடுவார்கள். கொம்பும் காலும் சேர்ந்துதான் ஓர் எழுத்து என்பது கட்டத்தில் வைக்கும்போது எளிதாக விளங்குகிறது.

4. எழுதுதல்: எழுத்தட்டைகளைக் கலைத்துவிட வேண்டும். படம் மட்டும் இருக்கும். குழந்தை சிலேட்டில் எழுதும். பார்த்து எழுதுவதற்கு எதிரில் எதுவும் இருக்கக் கூடாது. கரும்பலகையைப் பார்த்து எழுதும் சொல் கைக்குப் பழகுமே தவிர, மனத்தில் தங்காது.

5. மறுநாள் வாசித்தல்: சொல் மட்டும் உள்ள பக்கத்தைக் காட்ட வேண்டும். வாசித்த பிறகு திருப்பிப் பார்க்கலாம். சில நாள்களில் இதையே மாற்றி, ஒரு சொல்லைக் கொடுத்து “வாசிச்சுப் படம் போடு” என்பேன். ‘பாம்பு’ என்று வாசித்தவர் பாம்பு வரைவார். வாசிக்காதவர் என்ன வரைகிறார் என்பதிலிருந்து எந்த எழுத்தில் நிற்கிறார் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

ஆறு படங்களில் ஆறு இணைகள்

புள்ளி எழுத்து ஓரளவு பிடிபட்டதும் அடுத்த குழப்பம் தொடங்கும். நண்டுக்கு எந்த ‘ன’? பந்துக்கு எந்த ‘ந’? ‘நன்டு’, ‘பன்து’ என்று எழுதுவார்கள். இதற்கு ஆறு படங்கள் போதும்: சங்கு, பஞ்சு, நண்டு, பந்து, பாம்பு, கன்று.

ங்-க, ஞ்-ச, ண்-ட, ந்-த, ம்-ப, ன்-ற என்று ஆறு இன எழுத்து இணைகளும் இந்த ஆறு மூன்றெழுத்துச் சொற்களில் அடங்கிவிடுகின்றன. இந்த வயதில் விதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு படங்களையும் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறேன், எழுத்தில்லாமல். ‘வண்டி’ எழுதும்போது ஒரு குழந்தை தயங்கினால், “வண்டிக்கு யார் கூட்டாளி? நண்டா, பந்தா?” என்று கேட்பேன். ‘டி’ வருவதால் நண்டுதான் என்று வகுப்பே சொல்லும். ‘கன்று’ மட்டும் பேச்சில் ‘கன்னு’ ஆகிவிடுவதால் அதைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிழையைப் படிப்பது

குழந்தை எழுதிய சொல்லைச் சரி, தவறு என்று மட்டும் பார்த்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. ‘பது’ என்றால் ஒலி கேட்கவில்லை. கட்டத்துக்கும் புளியங்கொட்டைக்கும் திரும்ப வேண்டும். ‘பநது’ என்றால் ஒலி கேட்டிருக்கிறது, புள்ளி மட்டும் மறந்திருக்கிறது. அவரையே ‘ப-ந-து’ என்று வாசிக்கச் சொன்னால் சிரித்துக்கொண்டே புள்ளி வைத்துவிடுவார். ‘பன்து’ என்றால் ஆறு படங்களைக் காட்டினால் போதும். ‘தவள’ என்றால் வீட்டுச் சொல்லை எழுதியிருக்கிறார். “வீட்டுல தவள, புத்தகத்துல தவளை” என்று இரண்டையும் சொல்லிக் காட்டலாம். வீட்டுச் சொல்லைத் தவறு என்று சொல்ல வேண்டாம். அது அவர் அம்மா பேசும் சொல். நான்கு பிழைகளுக்கும் நான்கு வேறு மருந்துகள். நான்கையும் ‘ஐந்து முறை எழுதி வா’ என்று அனுப்பினால் எதுவும் சரியாகாது.

8 வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. படத்தின் தயவில் தேறிவிடும் குழந்தை, படங்கள் குறைந்து பத்திகள் நீளும் மேல் வகுப்பில் திடீரென்று நின்றுவிடும். அப்போது அதை ‘மெல்லக் கற்பவர்’ என்று அழைப்போம். இரண்டாம் வகுப்பில் நாம் கையை வைத்து மூடிப் பார்க்காத ஒரு படம்தான் அதற்குக் காரணமாக இருக்கும்.

அந்த 9 பேரில் 7 பேர் ஆண்டு இறுதிக்குள் முதல் மூன்று வகைச் சொற்களைப் படமில்லாமல் வாசித்தார்கள். இருவருக்கு இன்னும் புள்ளி எழுத்தில் தடுமாற்றம் இருக்கிறது. அவர்களுடன் இப்போதும் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் கட்டங்களோடு உட்காருகிறேன்.

அந்தத் தாயைச் சில மாதங்கள் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். “இப்ப எல்லா போர்டையும் படிக்கிறா டீச்சர். ஒவ்வொரு எழுத்தா கூட்டி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிடுது” என்று சிரித்தார். வேகம் பழகப் பழக வந்துவிடும். அவள் இப்போது எழுத்தைப் பார்க்கிறாள் என்பதே எனக்கு நிறைவாக இருந்தது.

நாளைக் காலை உங்கள் வகுப்பிலும் ஒருமுறை படங்களை மூடிவிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். யாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.