கடலுக்குள் ஓர் ஆறு... எதிரே வரும் அலைச்சுவர்!

1909 ஜூலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கிளம்பியது 'வராட்டா' என்ற பயணிகள் கப்பல். அதிலிருந்த 211 பேரும் போய்ச்சேரவே இல்லை. எப்படி மூழ்கியது என்பது இன்றுவரை புதிர். ஆனால், அந்தப் பாதையின் குணம் மாலுமிகளுக்குத் தெரியும்.

கரையையொட்டித் தென்மேற்காக ஓடுகிறது அகுல்லாஸ் நீரோட்டம். கடலுக்குள் ஓர் ஆறு என்றே சொல்லலாம். வேகமான இடங்களில் நொடிக்கு 2 மீட்டர்! தென்மேற்கே புயல் கிளப்பும் அலைகள் இதற்கு நேரெதிராக வருகின்றன.

எதிரோட்டத்தில் நுழைந்ததும் முன்னால் போகும் அலைமுகடு வேகம் குறைகிறது. பின்னால் வருவதோ பழைய வேகத்திலேயே வருகிறது. டோல்கேட்டை நெருங்கும் வண்டிகளைப்போல முகடுகள் நெருங்கிவிடுகின்றன. இடைவெளி சுருங்கச் சுருங்க, அலை உயர்ந்து செங்குத்தாகிறது. ஆழமான நீரில், எதிரோட்டம் அலையின் இயல்பான வேகத்தில் கால் பங்கை எட்டினால், அலையால் மேலே போகவே முடியாது. சிற்றலைகள் அப்படித்தான் திணறி உடைகின்றன. வேகமான பெரிய அலைகள் அடங்குவதில்லை. ஓட்டம் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் இருப்பதால், அவை வளைந்து நடுப்பகுதியிலேயே குவிகின்றன. கப்பலின் முன்பக்கம் பள்ளத்தில் இறங்கும்போதே அடுத்த சுவர் எதிரே நிற்கும்.

சங்கடம் என்னவென்றால், தெற்கே போகும் கப்பலுக்கு அந்த நடு ஓட்டம்தான் லாபம். தள்ளிவிடும் நீரோட்டத்தால் எரிபொருள் மிச்சம். எந்த கேப்டனுக்கு விட மனசு வரும்?

இந்தக் கடலின் அசாதாரண அலைகளை ஆராய்ந்த மல்லரி, 1974-ல் ஒரு யோசனை சொன்னார்: தென்மேற்குக் காற்று வலுத்தால், ஆழம் 200 மீட்டருக்குள் இருக்கும் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். புயலில் கரையை நெருங்குவதா என்று தோன்றும். அங்கேதான் நீரோட்டம் மந்தம்!