நாவலர் விரித்த லேவியராகமம்

சைவரின் கோயில் வழிபாட்டைப் பாதிரிமார் துண்டுப்பிரசுரங்களில் பழித்து எழுதிக்கொண்டிருந்த காலம். அதற்கு மறுமொழி சொல்ல யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் புரட்டியது சைவ நூல்களை மட்டுமன்று, பாதிரிமாரின் பைபிளையும்தான். 1854இல் அவர் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ வேதாகம வசனங்களையே சான்றாக நிறுத்தி வாதாடுகிறது.

அதற்கான தகுதி அவருக்கு இருந்தது. இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக விளங்கும் வெஸ்லியன் மிசன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்தவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குப் பல ஆண்டுகள் துணைநின்றவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது.

பைபிளின் யாத்திராகமத்திலும் லேவியராகமத்திலும் கடவுள் மோசேக்குக் கட்டளையிடும் வழிபாடு எப்படிப்பட்டது? ஆசரிப்புக் கூடாரத்தில் ஏழு கிளைப் பொன் விளக்கு எரிகிறது. காலையும் மாலையும் தூபம் இடப்படுகிறது. சந்நிதியில் பன்னிரண்டு அப்பங்கள் வைக்கப்படுகின்றன. ஆசாரியர் கைகால் கழுவாமல் உள்ளே போகக்கூடாது. பலிபீடத்துக்கும் பாத்திரங்களுக்கும் பரிமளத் தைலத்தால் அபிஷேகம் நடக்கிறது. இவையெல்லாம் உங்கள் கடவுளுக்கு உகந்தவையென்றால், சிவன் கோயிலில் தீபமும் தூபமும் நைவேத்தியமும் அபிஷேகமும் மட்டும் எப்படி அஞ்ஞானமாகும்? நாவலர் வாதத்தின் சாரம் இதுதான்.

கிறிஸ்தவர்கள் இதற்குச் சொல்லும் விடை, வேதத்தின் பொருள் அடுக்குகளைப் பற்றியது. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 9ஆம், 10ஆம் அதிகாரங்கள் பழைய பலிகளை வரவிருந்த கிறிஸ்துவின் நிழலாகக் காண்கின்றன. பலியான ஆட்டுக்குட்டி எழுத்தளவில் ஆட்டுக்குட்டி. உட்பொருளில் சிலுவையில் மரித்த இயேசு. அவர் வந்தபின் பழைய பலிகள் முடிந்துவிட்டன என்பது அவர்களின் விசுவாசம்.

இந்த வாசிப்பு மிகப் பழையது. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜென், மனிதருக்கு உடல், ஆன்மா, ஆவி இருப்பதுபோல வேதத்துக்கும் மூன்று நிலைப் பொருள் உண்டென்றார். 5ஆம் நூற்றாண்டில் யோவான் காசியன் எருசலேம் என்ற ஒரே பெயரை நான்காக விரித்தார். எழுத்துப் பொருளான வரலாற்றில் அது யூதரின் நகரம், விசுவாசத்தில் திருச்சபை, ஒழுக்கத்தில் மனித ஆன்மா, மறுமையில் விண்ணக நகரம். வாசிப்பவர் மனம்போல விரித்துவிடக்கூடாதல்லவா? அதனால் 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் எல்லை வகுத்தார்: மற்ற மூன்றும் எழுத்துப் பொருளின் மேல்தான் நிற்க வேண்டும். 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் இதையே வழிமொழிகிறது. லூதர் முதலான சீர்திருத்தவாதிகள் எழுத்துப் பொருளையே வற்புறுத்தினாலும், பழைய ஏற்பாட்டில் கிறிஸ்துவின் முன்னடையாளங்களைக் காண்பதை விடவில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தக் கலை புதிதன்று. கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் செய்யுளை வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்வார். சூரபத்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்ற விளக்கம் சைவர் பலருக்குத் தெரிந்தது. போர்க்கதை அப்படியே இருக்கும். அதற்குள் உயிர் இந்த மூன்று மலங்களிலிருந்தும் விடுபடும் கதையும் ஓடும்.

பாதிரிமார் சறுக்கியது இங்கேதான். தங்கள் லேவியராகமத்துக்கு உட்பொருள் காட்டியவர்கள், சைவரின் புராணத்தை எழுத்தளவில் வாசித்துப் பரிகசித்தார்கள். நாவலர் அதே அளவுகோலை அவர்கள் பக்கம் திருப்பினார். அதனால் கிறிஸ்தவ மறையியல் வீழ்ந்துவிட்டது என்று சொல்லமுடியாது. முன்னடையாளம் என்ற விடை அவர்களிடம் உறுதியாகவே இருக்கிறது. ஆனால் இரு சாராரின் வேதத்தையும் ஒரே முறையில் வாசிக்க வேண்டும் என்ற நியாயத்தில் வென்றவர் நாவலரே.

‘சைவதூஷண பரிகாரம்’ படிக்கும் சைவர்கள் எபிரெயர் நிருபத்தையும் ஒருமுறை படிக்க வேண்டும். லேவியராகமம் படிக்கும் கிறிஸ்தவர்கள் நாவலரின் நூலையும் தேடிப் படிக்க வேண்டும்.