பந்தலும் பலனும்

அருள்மறையின் அல் அன்ஆம் அத்தியாயத்து 141ஆம் வசனத்தை ஓதியிருப்பீர்கள். பந்தலில் படர்த்தப்படும் தோட்டங்களையும், படர்த்தப்படாதவற்றையும் படைத்தவன் தானே என்று அல்லாஹ் அதில் நினைவூட்டுகிறான். முன்னதற்குத் திராட்சையை எடுத்துக்காட்டாகக் கூறும் விரிவுரையாளர்கள் பலர். கொடிக்குப் பந்தல் எதற்கு? தாங்குவதற்கு மட்டுமா?

இல்லை. இவ்வாண்டுத் தளிரின் கணுக்களில் தோன்றும் மொட்டுகளுக்குள்ளேயே அடுத்த பருவத்துக் குலைகளின் கரு அமைந்துவிடுகிறது. அவ்வேளையில் அவற்றின் மீது வெயில் படவேண்டும். நிழலில் கிடந்தால், குலையாக வேண்டியது வெறும் பற்றுக்கம்பியாகிவிடும். இலை செழித்திருக்கும்; காய் குறைந்துவிடும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஆய்வு நிலையத்தில் நெல்சன் ஷாலிஸ் என்பார் இதனைத் தெளிவாக்கினார். பழச்சாற்றுக்குப் பெயர்பெற்ற கான்கார்டு ரகக் கொடிகள், அடர்ந்து வளர்ந்து தம்மைத் தாமே நிழலால் மூடிக்கொள்வதை அவர் கண்டார். தளிர்களை இரண்டாகப் பிரித்து, இணையாகச் செல்லும் இரு கம்பிகளிலிருந்து கீழ்நோக்கித் தொங்கவிட்டார். 'ஜெனீவா இரட்டைத் திரை' எனும் இம்முறையை அவரும் தோழர்களும் 1966இல் விளக்கி எழுதினர். வெயில் உட்புகுந்ததும் விளைச்சல் பெருகியது. பழமும் நன்கு முதிர்ந்தது.

ஆயினும், எல்லா மண்ணுக்கும் ஒரே முறை பொருந்தாது. மத்தியதரைக் கடலோர வறண்ட நிலங்களில் கொடி அடங்கியே வளர்வதால், பந்தலின்றிக் குட்டையான புதராகவே அதனை வளர்த்து வந்தனர். நமது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலோ, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, தலைக்கு மேலுள்ள பந்தலில் படர்கிறது. இலைகள் மேலே வெயிலை ஏற்க, குலைகள் கீழே சுடுவெயில் தாக்காமல் தொங்குகின்றன. உரிய காலத்தில் கவாத்துச் செய்யாவிடில் இங்கும் இலைமேல் இலை மூடும். காற்றோட்டம் குன்றிச் சாம்பல் நோய் பற்றும்.

உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கொடி இருப்பின், பந்தலின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள். தரையில் வெயில் புள்ளிகள் விழுகின்றனவா? இல்லையெனில், மிகுந்த தளிர்களைக் களையத் தயங்காதீர்.

அதே வசனம், அறுவடை நாளில் அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுமாறும், வீண்விரயம் செய்யாதிருக்குமாறும் பணிக்கிறது. மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. உழைத்து நீர் பாய்ச்சியதில் இருபதில் ஒரு பங்கு. எவ்வளவு விளைந்தால் கடமையாகும் என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். பந்தல் நாம் போட்டது. வெயிலோ அவன் தந்தது. அவன் தந்ததில் ஏழையின் பங்கை மறவாதிருக்க வல்ல நாயன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.